தொண்ணூற்றாறாம் கேள்விக்கு நடந்த அநியாயம்

ஜூலை 1, திங்கள்

எனக்கு அநியாயம் செய்திருக்கிறார்கள். 'எண்ணகம்' என்ற கணக்குப் பயிற்சி இணையதளத்தில் நான் எழுதி ஏற்றிய தொண்ணூற்றாறாம் கேள்வியை, என்னை ஒரு வார்த்தை கேட்காமல், இன்று காலை 9.14-க்கு நீக்கிவிட்டார்கள்.

பின்னால் யாராவது இதைப் படித்தால் விவரம் தெரிய வேண்டும் என்பதற்காக எழுதுகிறேன். எண்ணகம் இலவசத் தளம். ஆறாம் வகுப்பு முதல் பத்தாம் வகுப்பு வரை பிள்ளைகள் அதில் பாட வீடியோ பார்ப்பார்கள், கேள்விகளைப் போட்டுப் பழகுவார்கள். கேள்வி யார் வேண்டுமானாலும் எழுதி அனுப்பலாம். தன்னார்வலர்கள் பார்த்து ஏற்றுவார்கள். நான் நான்கு வருடத்தில் 141 கேள்விகள் எழுதியிருக்கிறேன். ஒவ்வொன்றின் கீழும் 'ஆக்கம்: ச. வெள்ளைச்சாமி, மதுரை' என்று இருக்கும். எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டவன் நான். நீரேற்று நிலையத்தில் முப்பத்தொரு வருடம் மோட்டார் ஆப்பரேட்டராக இருந்தேன். பழைய புத்தகக் கடையில் வாங்கிய பாடநூல்களை வைத்து நானே கணக்குப் படித்தேன். மிச்சத்தை இதே தளத்தின் வீடியோக்களில் படித்தேன். என் பெயர் அச்சுப்போல இருக்கும் இடம் உலகத்தில் இரண்டுதான். ஒன்று ரேஷன் கார்டு.

நீக்கப்பட்ட கேள்வி இது:

'24 வீடுகள் உள்ள அடுக்ககத்தின் மேல்நிலைத் தொட்டி 12,000 லிட்டர் கொள்ளும். காலை 5.30-க்கு அதில் கால் பங்கு நீர் உள்ளது. நிமிடத்துக்கு 100 லிட்டர் ஏற்றும் மோட்டாரை அப்போது போடும் செயலாளர் எஸ்தர், 7.40-க்குத்தான் நிறுத்துகிறார். 30 நாளில் எவ்வளவு நீர் வழிந்து வீணாகும்?'

விடை 1,20,000 லிட்டர். ஒன்பதாயிரம் லிட்டர் ஏறத் தொண்ணூறு நிமிடம். ஏழு மணிக்கே தொட்டி நிரம்பிவிடும். மிச்சம் நாற்பது நிமிடம் கிழக்குச் சுவர் வழியாகத் தண்ணீர் தரைக்குப் போகிறது. சுவர் இரண்டு வருடமாக ஈரம். கண் இருப்பவர்கள் பார்க்கலாம்.

தளத்திலிருந்து வந்த கடிதம்: 'உண்மையான ஒருவரைக் குறிப்பதாகப் புகார் வந்துள்ளது. ஜூலை 20-க்குள் திருத்தி அனுப்பவும். தவறினால், விதி 11-ன்படி உங்கள் எல்லாக் கேள்விகளும் நீக்கப்படும்.'

நூற்று நாற்பத்தொன்றும்.

மாத்திரை வாங்கினேன். பால் பாக்கெட் இரண்டு. குளியலறைப் பரணில் இருக்கும் சின்னத் தொட்டியின் மிதவை வால்வுக்கு வாஷர் வாங்க மறந்துவிட்டேன்.

ஜூலை 2, செவ்வாய்

புகார் கொடுத்தது யார் என்று தேட வேண்டியிருக்கவில்லை. அவரே கதவைத் தட்டினார். மூன்றாம் மாடி எஸ்தர் மேடம். எங்கள் அடுக்ககச் சங்கத்தின் செயலாளர், காப்பீட்டு நிறுவனத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்.

"அண்ணே, தேனியில என் தங்கச்சி மக கணக்கு டீச்சரா இருக்கா. முந்தாநாள் போன் போட்டு, 'பெரியம்மா, எங்க எட்டாம் கிளாஸ் பூரா உங்களத்தான் பெருக்கி வகுத்துக்கிட்டு இருக்கு'ங்கிறா. என்னண்ணே இது?"

"எஸ்தர்ங்கிற பேரு உலகத்துல ஒருத்தருக்குத்தானா இருக்கு?"

"இருபத்துநாலு வீடு. பன்னெண்டாயிரம் லிட்டர் தொட்டி. செயலாளர் எஸ்தர். இன்னும் என் ஆதார் நம்பரத்தான் போடல நீங்க."

"கணக்குல தப்பு இருந்தாச் சொல்லுங்க மேடம்."

"எனக்குக் கணக்கு வராதுண்ணே. ஆனா மானம் இருக்குல்ல?"

என் மனைவி சீனியம்மாள் உள்ளே இருந்து வந்து, "உக்காருங்க மேடம், காப்பி குடிங்க" என்றாள். எதிரிக்குக் காப்பி. அதுவும் டிக்காஷன் நன்றாக இறங்கிய முதல் காப்பி. நான் குடித்தது இரண்டாவது.

ஜூலை 4, வியாழன்

கேள்வியைத் திருத்தி அனுப்பினேன். 'எஸ்தர்' என்பதை 'எ.' என்று மாற்றினேன். மதியத்துக்குள் திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

ஜூலை 5, வெள்ளி

மறுபடி அனுப்பினேன். அடுக்ககம் வேண்டாம், அரண்மனை என்று வைத்தேன். 'ஒரு நாட்டில் ஓர் அரசி இருந்தாள். அரண்மனையில் மூன்றாம் மாடியில், பச்சைக் கதவுக்குப் பின்னால் வசித்தாள். அரசியாகும் முன் காப்பீட்டு நிறுவனத்தில் வேலை பார்த்தாள். அந்த அரண்மனைத் தொட்டி 12,000 லிட்டர்...'

தளத்தின் தன்னார்வலர் நிவேதிதா பெங்களூரிலிருந்து போன் செய்தார். பேச ஆரம்பிப்பதற்கு முன் அரை நிமிடம் இருமினார். இருமலா, வேறு ஏதாவதா என்று தெரியவில்லை.

"சார், காப்பீட்டு நிறுவனம் எதுக்கு சார்? கணக்குக்கு அது தேவைப்படுதா?"

"பின்னணி வேணும்லம்மா. பிள்ளைங்களுக்கு ஆர்வம் வரணும்."

"பச்சைக் கதவு?"

"அழகுக்கு."

காப்பீட்டை மட்டும் எடுத்துவிட்டு ஏற்றினார். கதவு தப்பியது.

ஜூலை 7, ஞாயிறு

அரசி கேள்வியை இரண்டு நாளில் 412 பேர் போட்டிருக்கிறார்கள். அறந்தாங்கியிலிருந்து ஒரு பிள்ளை, 'அரசிக்கு ஒரு அலாரம் வாங்கிக் கொடுங்கள்' என்று கீழே எழுதியிருக்கிறது. நான்கு தடவை படித்தேன்.

சீனியம்மாளுக்குப் படித்துக் காட்டினேன். "உங்க கேள்வில தண்ணி வழியுது. நம்ம பாத்ரூம் பரண் மேலயும் சொட்டுச் சொட்டுன்னு விழுது. எத முதல்ல நிறுத்தப் போறீங்க?" என்றாள்.

நாளை வாஷர் வாங்க வேண்டும்.

ஜூலை 9, செவ்வாய்

எஸ்தர் மேடம் எண்ணகத்தில் சேர்ந்துவிட்டார். கேள்வி எழுதுபவராக! முதல் கேள்வி இன்று ஏறியிருக்கிறது:

'எழுபது வயதுப் பெரியவர் ஒருவர் தினமும் காலையில் ஈரச் சுவர் ஒன்றின் முன் 25 நிமிடம் நின்று, நிமிடத்துக்கு 12 முறை தலையாட்டுகிறார். இரண்டு வருடத்தில் மொத்தம் எத்தனை முறை தலையாட்டியிருப்பார்?'

ஆக்கம்: எஸ்தர் ராஜகுமாரி, மதுரை.

விடை 2,19,000. போட்டுப் பார்த்தேன், விடை சரிதான். ஆனால் கேள்வி அரைகுறை. போன வருடம் நான் மகள் வீட்டில், ஓசூரில், 41 நாள் இருந்தேன். அந்த நாட்களைக் கழிக்கவில்லை. கீழே அதை எழுதினேன். 'அந்தப் பெரியவர் நீங்கள்தானா ஐயா?' என்று எவனோ பதில் போட்டிருக்கிறான். அழிக்க வழி தெரியவில்லை.

அவர் கேள்விக்கு நட்சத்திரம் 4.7. அரசிக்கு 4.4.

ஜூலை 11, வியாழன்

காலையில் நான் வங்கிக்குப் போயிருந்த நேரத்தில் எஸ்தர் மேடம் வீடு வீடாகப் போய், நோட்டும் கையுமாக, "காலையில அஞ்சரைல இருந்து ஏழே முக்கா வரைக்கும் எத்தன வாளி தண்ணி பிடிக்கிறீங்க?" என்று கேட்டிருக்கிறார். எங்கள் வீட்டிலும் கேட்டிருக்கிறார். சீனியம்மாள் சொல்லியிருக்கிறாள்.

"எதுக்குச் சொன்ன?"

"கேட்டாங்க, சொன்னேன்."

"எத்தனைன்னு சொன்ன?"

"பதினாலு."

"ரெண்டு பேருக்குப் பதினாலு வாளியா?"

"அதான் அவுங்களும் கேட்டாங்க. எனக்கே தெரியல, ஆனா குழாயில அம்புட்டு ஓடுதுன்னேன்."

எதற்கு இந்தக் கணக்கெடுப்பு என்று புரியவில்லை. தண்ணீர் வரி ஏற்றப் போகிறார்களோ என்னவோ.

ஜூலை 12, வெள்ளி

புரிந்துவிட்டது. எஸ்தர் மேடத்தின் இரண்டாம் கேள்வி:

'அரசியின் அரண்மனைத் தொட்டியில் காலை 5.30-க்கு 3,000 லிட்டர் நீர் உள்ளது. மோட்டார் நிமிடத்துக்கு 100 லிட்டர் ஏற்றுகிறது. அதே நேரத்தில் 24 வீட்டாரும் குளிக்கிறார்கள், துவைக்கிறார்கள். 7.40-க்குள் வீட்டுக்குச் சராசரி 10 வாளி, வாளிக்கு 17 லிட்டர். 7.40-க்குத் தொட்டி நிரம்பியிருக்குமா?'

கூடவே, என் அரசி கேள்வியின் விடை தவறு என்று தனியாக ஒரு புகார். நிவேதிதா போன் செய்தார். இந்தத் தடவை இருமவில்லை.

"சார், தொட்டியில இருந்து வெளிய போற குழாய் மூடியிருக்குன்னு உங்க கேள்வியில எங்கயும் இல்லையே. ஆளுங்க தண்ணி எடுப்பாங்கல்ல?"

"ஏத்தும்போது இறக்கக் கூடாதும்மா. அது முறை."

"எங்க சார் முறை?"

"எங்க நீரேற்று நிலையத்துல. மோட்டார் போடுறதுக்கு முன்னால வெளி வால்வ மூடணும். முப்பத்தோரு வருசம் என் கையாலதான் மூடினேன்."

"வீட்டுல யாரும் அப்படி மூட மாட்டாங்களே சார். தப்பான விடைய நீங்களே திருத்தலன்னா, விதி 11 இதுக்கும் உண்டு. அதே இருபதாம் தேதிதான். எனக்கு உங்க கேள்விங்க பிடிக்கும் சார். தூக்க மனசு வரல."

"தூக்குறதுன்னா தூக்கிக்கோங்க. நான் திருத்த மாட்டேன்."

போனை வைத்துவிட்டேன். பிறகு 141 கேள்விகளையும் ஒரு நோட்டில் எழுத ஆரம்பித்தேன், எதற்கும் இருக்கட்டும் என்று. பன்னிரண்டு முடிந்தது. கை வலிக்கிறது.

ஜூலை 13, சனி

இதையும் எழுதி வைக்கிறேன். எட்டாம் வகுப்பு முழு ஆண்டுத் தேர்வில் பதினைந்து மதிப்பெண் கேள்வி. ஒரு குழாய் தொட்டியை நான்கு மணி நேரத்தில் நிரப்பும், இன்னொரு குழாய் ஆறு மணி நேரத்தில் காலியாக்கும், இரண்டையும் சேர்த்துத் திறந்தால் எப்போது நிரம்பும்? நான் எழுதிய விடை: 'இரண்டாவது குழாயை மூடவும்.' முட்டை போட்டு, வகுப்பில் சத்தமாகப் படித்துக் காட்டினார் வாத்தியார். எல்லோரும் சிரித்தார்கள். ஆறு மதிப்பெண்ணில் தவறினேன். மறு வருடம் அந்த வகுப்புக்குப் போகவில்லை.

இப்போதும் சொல்கிறேன். அது சரியான விடை.

கேள்விகள் 13 முதல் 40 வரை நோட்டில் எழுதினேன்.

ஜூலை 14, ஞாயிறு

மொட்டை மாடிச் சாவி எஸ்தர் மேடத்திடம் இருக்கிறது. இரண்டு வருடத்தில் ஆறு முறை சாவி கேட்டு எழுத்துமூலம் விண்ணப்பம் கொடுத்திருக்கிறேன். எதற்கும் பதில் இல்லை. இன்று, அவர் சர்ச்சுக்குப் போய்விட்டு வரும்போது படியில் எதிரே வந்தார். நேரடியாகக் கேட்டேன்.

"சாவி வேணுமாண்ணே? வாங்க, தர்றேன்."

"ஆறு விண்ணப்பம் குடுத்தேன்."

"எதுல போட்டீங்க?"

"கீழ இருக்கிற புகார்ப் பெட்டியில."

"அந்தப் பெட்டிக்குப் பூட்டுச் சாவி தொலைஞ்சு நாலு வருசமாச்சே! அதுக்குள்ள என்ன இருக்குன்னு கடவுளுக்குத்தான் தெரியும். கதவத் தட்டிக் கேட்டிருந்தா அப்பவே குடுத்திருப்பேனே."

"எழுத்துல இருக்கணும்ல மேடம்."

"இருக்குண்ணே. பெட்டிக்குள்ள பத்திரமா இருக்கு."

ஜூலை 15, திங்கள்

காலை 7.35-க்கு மாடிக்குப் போனேன். ஏணியில் ஏறித் தொட்டி மூடியைத் திறந்து பார்த்தேன். 7.40-க்கு மோட்டார் நின்றது. இறங்கி வந்தேன்.

இட்லி. தேங்காய்ச் சட்னி.

ஜூலை 16, செவ்வாய்

இன்றும் போனேன். நேற்றுப் பார்த்தது தவறாக இருக்கலாம் அல்லவா. டேப் எடுத்துப் போனேன்.

இறங்கும்போது எஸ்தர் மேடம் படியில் நின்றிருந்தார்.

"என்னண்ணே, வழியுதா?"

"தொட்டியில பாசி இருக்கு. கழுவணும்."

"கழுவிருவோம். வழியுதா?"

"மூடியில கைப்பிடி உடைஞ்சிருக்கு."

"மாத்திருவோம். வழியுதாண்ணே?"

"நாலு விரக்கடை கம்மியா இருக்கு" என்றேன். வேறு என்ன சொல்ல முடியும், டேப்பில் இருப்பதைத்தானே சொல்ல வேண்டும்.

அவர் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும், பதிலுக்கு ஏதாவது சொல்லியிருப்பேன். "ரெண்டு வருசமா உங்களுக்குப் பயந்தே மணி பாத்து நிறுத்துறேன். ஒருநாள் மழையில கூட ரெண்டு நிமிசம் பிந்தினது இல்ல" என்றார். பிறகு, "சுவர்ல மட்டும் ஏன் ஈரம்னு எனக்கும் தெரியலண்ணே. உங்களுக்குத்தான் இதெல்லாம் தெரியும், நீங்களே பாருங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

வீட்டுக்கு வந்ததும் சீனியம்மாள், "பரண் தொட்டியில வழியுற தண்ணிக்கு ஒரு குழா வெளிய போகுதே, அது எந்தச் சுவத்துல போய் முடியுது?" என்று கேட்டாள்.

எனக்கு வேலை இருந்தது. கடைத்தெருவுக்குப் போனேன்.

ஜூலை 17, புதன்

வாஷர் வாங்கினேன். போட்டேன். பத்து நிமிட வேலை. அதற்கு ஒன்றரை மாதமாக வீட்டில் ஒரே பேச்சு. வால்வையும் துடைத்தேன், இரண்டு வருடத்துச் சுண்ணாம்பு.

ஜூலை 18, வியாழன்

கேள்விகள் 41 முதல் 95 வரை நோட்டில் முடித்தேன். அடுத்தது 96. அதை எழுதவில்லை. பேனாவில் மை இருந்தது.

சீனியம்மாள் பக்கத்தில் உட்கார்ந்து வெண்டைக்காய் நறுக்கினாள்.

"எழுதுறத நிறுத்திட்டீங்க?"

"யோசிக்கிறேன்."

"என்னத்த யோசிக்கிறது? தப்புன்னா தப்புன்னு போட்டுட்டு மிச்சம் நூத்தி நாப்பதக் காப்பாத்துங்க. அந்தப் பிள்ளைங்க பாவம்."

"எந்தப் பிள்ளைங்க?"

"உங்க கேள்வியப் போட்டுப் பழகுற பிள்ளைங்கதான். அரசி வீட்டுல வால்வ மூடிட்டுத்தான் குளிப்பாங்கன்னு நெனச்சுக்கிட்டே வளந்துருமே."

நோட்டை மூடினேன்.

ஜூலை 19, வெள்ளி

கிழக்குச் சுவர் காய்ந்திருக்கிறது. ஆடிக் காற்று பலமாக அடிக்கிறது, அதுதான் காரணம்.

மதியம் 3 மணிக்குத் தொண்ணூற்றாறாம் கேள்வியை மறுபடி அனுப்பினேன். இது திருத்தம் அல்ல என்று கடிதத்தின் முதல் வரியிலேயே தெளிவாகச் சொல்லியிருக்கிறேன். கேள்வியில் கூடுதல் தகவலாக ஒரே ஒரு வாக்கியம் சேர்த்தேன்: 'மோட்டார் ஓடும்போது அரண்மனையில் எல்லோரும் தண்ணீர் பயன்படுத்துகிறார்கள், வீட்டுக்கு 170 லிட்டர்.' கூடுதல் தகவல் வந்தால் விடை மாறத்தான் செய்யும். அதற்கு நான் பொறுப்பல்ல. இப்போது விடை: வீணாகும் நீர் 0 லிட்டர், தொட்டி நிரம்ப இன்னும் 80 லிட்டர் வேண்டும்.

இரண்டாம் பகுதி ஒன்றும் சேர்த்தேன். 'அப்படியானால் 7.40-க்கு மோட்டாரை நிறுத்திய அரசியைப் பற்றி உங்கள் கருத்து என்ன?' இதற்கு மதிப்பெண் கிடையாது.

நாலரைக்கு மேடத்திடம் சாவியைத் திருப்பிக் கொடுக்கப் போனேன். பச்சைக் கதவு. தட்டினேன்.

"வச்சுக்கோங்கண்ணே" என்றார். "ஏணி ஏற எனக்கு முட்டி ஒத்துழைக்கல. எனக்கு மூணாவது கேள்வி ஒண்ணு இருக்கு. வெயில் காலத்துல தொட்டி எப்படிக் கொறையுதுன்னு. ஆனா தண்ணி மட்டம் எவ்வளவுன்னு பாக்க ஆள் இல்ல."

"உங்களுக்குக் கணக்கு வராதுன்னு சொன்னீங்களே."

"வரலதாண்ணே. உங்க மேல வந்த கோபத்துல நாப்பது வீடியோ பாத்தேன். அதுல வந்துருச்சு."

காப்பி கொடுத்தார். சீனி கொஞ்சம் அதிகம். குடித்தேன்.

ஜூலை 20, சனி

காலை 10.05-க்கு நிவேதிதாவிடமிருந்து செய்தி: '96 ஏற்கப்பட்டது. 141-உம் இருக்கும். நன்றி சார்.' கேள்வியைத் திறந்து பார்த்தேன். என் பெயருக்குக் கீழே 'திருத்தப்பட்டது' என்று சின்ன எழுத்தில் போட்டிருக்கிறார்கள். அநியாயம் இன்னும் முழுதாகத் தீரவில்லை. ஆகவே:

நிவேதிதா செய்ய வேண்டியது: 'திருத்தப்பட்டது' என்பதை எடுத்துவிட்டு 'விரிவாக்கப்பட்டது' என்று போட வேண்டும். திங்கள் மாலைக்குள்.

எஸ்தர் மேடம் செய்ய வேண்டியது: தலையாட்டும் கேள்வியில் 41 நாட்களைக் கழித்து, விடையை 2,06,700 ஆக்க வேண்டும். புகார்ப் பெட்டியின் பூட்டை உடைக்க வேண்டும். உடைத்தபின் உள்ளே இருக்கும் என் ஆறு விண்ணப்பங்களைப் படிக்காமல் என்னிடம் கொடுக்க வேண்டும்.

சீனியம்மாள் செய்ய வேண்டியது: இனி யார் வந்து வாளி எத்தனை என்று கேட்டாலும் என்னைக் கேட்டுச் சொல்ல வேண்டும். இதைப் படித்துக் காட்டினேன். "சரி" என்றாள். அந்தச் 'சரி' எனக்குத் தெரியும்.

நான் செய்ய வேண்டியது: திங்கள் காலை 5.30 முதல் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை தொட்டியில் அளவுகோல் பிடித்து, மட்டத்தை மாடியிலிருந்து சத்தமாகச் சொல்ல வேண்டும். மேடம் கீழே நின்று எழுதிக்கொள்வார். 142-ஆம் கேள்விக்கு இந்தத் தடவை அளந்த எண்கள் வேண்டும். அதற்குக் கீழே இரண்டு பெயர் வரும். அகர வரிசைப்படி போட்டால் எஸ்தர் முன்னால், வெள்ளைச்சாமி பின்னால். ஏணியில் ஏறுபவர் பெயரை முதலில் போட விதியில் இடம் உண்டா என்று நிவேதிதா பார்த்துச் சொல்ல வேண்டும். இல்லையென்றால் விதியை மாற்ற வேண்டும்.